ஐயாயிரம் பேருக்கு ஒரே அணி

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே இருக்கும் புறநகர் அலன். ஊரில் பொது உயர்நிலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான், அலன் உயர்நிலைப் பள்ளி. மாணவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். 2012இல் இந்தப் பள்ளிக்காக 18,000 இருக்கைகளோடு ஈகிள் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 6 கோடி டாலர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்து ஆட இவ்வளவு பணமா என்று நாடெங்கும் கேட்டார்கள்.

கேட்டது நியாயம்தான். ஆனால் ஆசிரியர்கள் வயிற்றில் அடித்து மைதானம் கட்டினார்கள் என்று சொல்வது சரியல்ல. 2009இல் ஊர்மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட 11.9 கோடி டாலர் கடன் பத்திரத்திலிருந்து வந்த பணம் அது. கலையரங்கம் ஒன்றும் அதிலேயே எழுந்தது. டெக்சாஸில் இப்படித் திரட்டும் பணத்தைக் கட்டடம் போன்றவற்றுக்குத்தான் செலவிடலாம். சம்பளத்துக்குத் திருப்பச் சட்டம் இடம் தராது. வகுப்பறை கட்டியிருக்கலாமே என்று வேண்டுமானால் கேட்கலாம்.

திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மைதானத்தைத் தற்காலிகமாக மூடினார்கள். அந்தப் பருவம் முழுக்க அலன் அணி சொந்த மைதானமில்லாமல் ஆடியது. ஆடி, தொடர்ந்து மூன்றாவது முறையாக மாநிலக் கோப்பையை வென்றது. அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே. அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஒரு பள்ளி ஆட்டத்திலும் அலன் தோற்கவில்லை. 2019இல் தொழில்முறை லீகின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். நல்ல ஆட்டக்காரனும் நல்ல பயிற்சியும் இருந்தால் ஆறு கோடி டாலர் மைதானம் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்று அந்த ஒரு பருவமே காட்டிவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது பதினோரு பேர். மாற்று ஆட்களையெல்லாம் சேர்த்தாலும் ஐயாயிரம் பேரில் அது சின்னப் பங்கு. பெரிய பள்ளிக்குப் பொறுக்கி எடுக்க ஆள் கிடைக்கிறது. அதனால் அணி வலுக்கிறது. சுமாராக ஆடும் பையனுக்கோ கூடைப்பந்திலும் கைப்பந்திலும் ஆசைப்படும் பெண்ணுக்கோ அதே காரணத்தால் கதவு அடைபடுகிறது. பாடத்தில் தேறாதவன் களமிறங்கக் கூடாது என்று 1984இல் டெக்சாஸ் கொண்டுவந்த சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆட்டத்தின் மேலுள்ள ஆசை எத்தனையோ பிள்ளைகளைப் புத்தகத்தைத் தொட வைக்கும். ஆனால் அணியில் இடமே கிடைக்காதவனை அந்தச் சட்டம் எப்படித் தொடும்?

பேண்டு வாத்தியக் குழுவில் மட்டும் அலனின் பெருங்கூட்டம் பிள்ளைகளுக்குச் சாதகமாகிறது. இடைவேளையில் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறங்கினால் புல்தரையே தெரியாது. டிரம்பெட்டும் டிரம்முமாக, அணிவகுப்பில் தன் அடி தவறாமல் நடக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே பங்காளி. நாட்டின் மிகப் பெரிய பள்ளிக் குழுக்களில் ஒன்று என்ற பெயர் அதற்கு உண்டு. விளையாட்டிலும் இப்படி இடம் விரிந்திருந்தால் எனக்குப் புகார் இருக்காது.

பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோ மாற்று வழியில் போனது. ஊர் வளர வளர, ஒரு பள்ளியில் இரண்டாயிரம் சொச்சம் பேர் போதும் என்று புதுப் பள்ளிகளைத் திறந்தார்கள். 2022இல் பன்னிரண்டாவது வந்தது. பன்னிரண்டு அணிகள், பன்னிரண்டு குவார்ட்டர்பேக்குகள். மைதானங்களைப் பள்ளிகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சி அரங்கம். இதில் நிர்வாகச் செலவு கூடும், ஊரே ஓர் அணிக்காகத் திரளும் வெள்ளிக்கிழமை இரவும் கைவிட்டுப் போகும். அந்த இழப்பு சிறியதல்ல. ஆனாலும் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அதைவிடப் பெரிது.

அலன் இரண்டாவது உயர்நிலைப் பள்ளியைத் திறக்க வேண்டும். மைதானம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பள்ளிகளும் அதில் மாறி மாறி ஆடலாம்.