புல்வெளி மக்களின் புதைகுழியும் மனையும்

கருங்கடலின் வடபால் தொடங்கிக் கீழ்த்திசையிற் சைபீரியா வரை பரந்து கிடப்பது ஸ்டெப்பி என்னும் புல்வெளி நிலம். அதன் தொல்பழங்காலத்தை ஆராய்ந்த முன்னோடிகள் பெரும்பாலும் இறந்தோர் கிடந்த இடத்தை அகழ்ந்தனர். இருந்தோர் வாழ்ந்த இடத்தை அகழ்ந்தது குறைவு. இவ்வேறுபாடு அவர்தம் முடிபுகளை எங்ஙனம் கோணச் செய்தது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வாசிலி கொரோத்சோவ் 1901இல் இசியூம் வட்டாரத்திலும், 1903இல் பாக்முத் வட்டாரத்திலும் நிகழ்த்திய அகழாய்வு போற்றத்தக்கதே. ஒரே மண்மேட்டினுள் வெவ்வேறு காலத்தே அமைந்த புதைகுழிகளை அவர் அடுக்கு நோக்கிப் பகுத்தார். எளிய குழி முந்தியது, பக்கவறை குடைந்தது அதற்குப் பிந்தியது, மரக்கட்டைகளால் அறை அமைத்தது அதற்கும் பிந்தியது எனக் காலமுறை கண்டார். அவர்க்கு முன்னர் இம்மேடுகளைத் தோண்டினோருட் பலர் பொன்னணி தேடினரேயன்றி மண்ணடுக்கை நோக்கினாரல்லர்.

எனினும், கொரோத்சோவ் வகுத்தவை புதைக்கும் முறைகளே. பின்வந்தோர் அவற்றைப் பண்பாடுகளின் பெயராக்கினர். அப்பெயர்களையே மக்களினங்களாகவும் கொள்ளலாயினர். கார்டன் சைல்டு 1926இல் ஆரியர் பற்றிய தம் நூலில் தென்ருசியாவைத் தாயகமாகக் கருதியபோதும், மரியா கிம்புட்டாசு 1956இல் ‘குர்கான்’ என்னும் பெயரை வழங்கியபோதும் சான்றின் பெரும்பகுதி கல்லறையினின்றே வந்தது. குர்கான் என்பதே புதைமேட்டைக் குறிக்கும் சொல்லன்றோ!

மனைகள் மிகுதியாகக் காணப்படாமையின், மனையிலா நாடோடிகள் என்னும் கருத்து வலுப்பெற்றது. மேடு தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாவது. குடியிருப்போ ஆற்றங்கரை வண்டலின்கீழ் மறைந்து கிடப்பது. தேடாமையால் காணாமையையும், இல்லாமையால் காணாமையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. கையறுநிலைப் பாடல்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு நாட்டாரின் இல்வாழ்க்கையை எழுதப் புகுவார் நிலை இதுவேயாம்.

இக்குறையை நீக்கும் நெறியைப் புல்வெளியின் கீழ்ப்பகுதியில், தோபோல் ஆற்றங்கரையிலுள்ள அலெக்சேயெவ்கா ஆய்விற் காண்கிறோம். அங்கே கிரிவ்த்சோவா கிராகோவா என்னும் அம்மையார் குடியிருப்பையும் அதனைச் சார்ந்த இடுகாட்டையும் ஒருங்கே ஆராய்ந்து 1948இல் நூலாக வெளியிட்டார். வாழ்ந்தாரும் புதைக்கப்பட்டாரும் ஒரே ஆராய்ச்சியில் இணைந்தமை, அந்நூலின் தனிச்சிறப்பு என்பது எம் துணிபு.

மேற்கே தினீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ககோவ்கா அணை எழுந்துகொண்டிருந்த 1950களில் மிகைலோவ்கா அகழப்பட்டது. (அவ்வணை 2023இல் தகர்ந்தது.) அவ்வகழாய்வின் முடிபுகள் 1962இல் கீவ் நகரில் வெளிவந்தன. மூன்று அடுக்குகளுள் மேலடுக்கு எளிய குழியிற் புதைத்த மக்கட்குரியது. அவ்வடுக்கிலே கல் அடித்தளம் அமைந்த மனைகளும் கற்சுவர் அரணும் வெளிப்பட்டன. மனையிலார் எனப்பட்டாருட் சிலரேனும் கல் அடுக்கி வாழ்ந்தனர் என்பது இதனால் தெளிவு. ஆயினும், இது கொண்டு அவர் அனைவரும் ஊரமைத்து நிலைத்தனர் என்று மறுகோடிக்குச் செல்லுதலும் ஏலாது. மிகைலோவ்கா போன்ற இடங்கள் சிலவே. மந்தையொடு பெயர்ந்து திரிந்த வாழ்க்கையை இன்றைய ஆராய்ச்சியும் மறுக்கவில்லை.

குடியிருப்பு மண்ணும் பொய்ச்சான்று தரவல்லது. 1960களில் தெலேகின் அகழ்ந்த தெரெயிவ்கா குடியிருப்பில் ஆண்குதிரை மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதன் பல்லிற் கடிவாளத் தேய்வு கண்ட டேவிட் அந்தோனி, அதனைக் குதிரையேற்றத்தின் மிகப்பழைய சான்றாகக் கருதினார். கரிமக் காலக்கணிப்போ அதனை இரும்புக்காலத்தது எனக் காட்டிற்று. பிற்காலத்தே குழி தோண்டி இட்ட தலை பழைய அடுக்கினுள் இறங்கியிருந்தது. அந்தோனியும் தம் முடிபைக் கைவிட்டார்.