தொந்தி யாருடையது?

நம் முற்போக்குக் கதைகளிலும் வீதி நாடகங்களிலும் உடலுக்கு ஒரு நிலைத்த அர்த்தம் உண்டு. பண்ணையாருக்குத் தொந்தி, கூலிக்காரனுக்கு எலும்பு. வேட்டிக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் போதும், சுரண்டல் வந்துவிட்டதென்று சனம் புரிந்துகொள்ளும். உபரி உழைப்பு உடலாகத் திரண்டதே கொழுப்பு என்கிற இந்தக் குறியை நாம் கேள்வி கேட்டதில்லை.

கம்பத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். பருத்த உடம்போடும் முட்டிவலியோடும் சரிவில் குனிந்து காய் எடுக்கிறவர்கள் அவர்களில் உண்டு. "உழைக்கிறவளுக்கு எப்படிச் சதை போடும்?" என்று தோழர் ஒருவரே கேட்டார். நம் குறியியலில் அவளுக்கு இடமில்லை.

1895இல் வந்த பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்கை நெல்லாக்கியது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அதைப் பழிக்கிறவர்கள் பசி அறியாதவர்கள். ஆனால் இருபது கிலோ அரிசி வாங்கும் அட்டைக்கு மானியப் பருப்பு ஒரு கிலோதான். கம்பத்துத் திராட்சை லாரியேறிப் போய்விடும். இவள் தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும், வழியில் வடையும் சீனி தூக்கலான டீயும். "வகுறு நெறையணும்ல?"

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. அதே 2019–21இல் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4. பருமனும் சோகையும் ஒரே உடலில் குடியிருக்க முடியும். வசதி ஏற எடையும் ஏறுகிறது என்பது நம் நாட்டில் இன்னும் மெய்தான். ஆனால் எடை இனி வசதிக்காரரின் தனிச்சொத்து இல்லை. பணக்கார நாடுகளில் அது ஏழைப் பெண்கள் பக்கம் சாய்ந்து வெகுகாலமாகிறது.

'கொழுப்பு' என்ற சொல்லை ஊரில் யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? கூலி கூடக் கேட்டவனை, செருப்போடு தெருவில் நடந்தவனை. "கொழுப்பெடுத்துத் திரியிறான்." இந்த வசவின் எசமானத்தனம் மருத்துவ அறிவுரையில் சுத்தபத்தமாகத் திரும்பி வருகிறது: "சோத்தக் கொறைம்மா, வாக்கிங் போ." நாளெல்லாம் மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு வாக்கிங்! கூலியும் விலைவாசியும் செய்த உடல், அவளுடைய ஒழுக்கக்கேடாக மொழிபெயர்க்கப்படுகிறது. ஜிம்முக்கும் டயட்டுக்கும் காசிருக்கிறவர்களுக்கு மெலிவு கடையில் வாங்குகிற பண்டம்.

நம் நாடகத்துத் தலையணையும் இந்த வசவுக்குத் துணைபோகிறது. அதை உருவி எறிய வேண்டும். சோற்றோடு பருப்பும் காயும் சேர என்ன கூலி வேண்டும் என்று அவள் வாயால் கேட்கிற கதையை எழுத வேண்டும். அப்போதும் யாராவது அவளைப் பார்த்துக் கொழுப்பு என்பார்கள். சொல்லட்டும்.