வரி கோவையில், முடிவு கோட்டையில்

2022 மார்ச் முதல் வாரத்தில் கோவை மாநகராட்சியின் நூறு வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். 2016 அக்டோபருக்குப் பிறகு விக்டோரியா ஹாலில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கூடியது அப்போதுதான். ஒரு மாதம் ஆவதற்குள் சென்னையிலிருந்து சொத்து வரிச் சீராய்வு அரசாணை வந்து சேர்ந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என உயர்வு. தொழிற்கூடங்களுக்கு 75, வணிகக் கட்டடங்களுக்கு 100. மன்றங்களுக்கு மிஞ்சியது தீர்மானம் போடும் சடங்கு மட்டும்தான். ஆனால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கேள்வி கேட்டது கோட்டையில் இருந்தவர்களை அல்ல, தெருமுனையில் எதிர்ப்பட்ட கவுன்சிலரைத்தான்.

அந்த முடிவின் வேர் சென்னையோடும் நிற்கவில்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற வேண்டுமானால் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி மதிப்பின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் ஏற வேண்டும் என்று 15ஆவது நிதி ஆணையம் நிபந்தனை விதித்திருந்தது. டெல்லியில் நிபந்தனை, சென்னையில் ஆணை, கோவையில் வசூல். இந்தியாவில் நிதிப் பரவலாக்கம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. வரியை உயர்த்தியது தவறு என்பது என் வாதம் இல்லை. பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த வரியை என்றைக்காவது திருத்தியே ஆக வேண்டும். எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று முடிவு செய்தவர்களும் அந்த முடிவுக்காக மக்களிடம் பதில் சொன்னவர்களும் வேறு வேறாக இருந்ததே இங்குள்ள கோளாறு.

தமிழ்நாட்டின் உள்ளாட்சி நிதி ஏற்பாட்டில் உள்ள நிறைகளை முதலில் சொல்லிவிட வேண்டும், அவை சிறியவை அல்ல. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைப்பதைக் கட்டாயமாக்கின. பல மாநிலங்கள் இதைப் பெயரளவில் செய்தபோது தமிழ்நாடு ஒழுங்காகச் செய்தது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிரும் வழக்கமும் இங்கே நிலைபெற்றது. அமைச்சரைப் பார்த்துக் கெஞ்சிப் பெறும் உதவியாக இல்லாமல், சூத்திரப்படி வந்து சேரும் பங்காக அது இருக்கிறது. ஆளுங்கட்சி வென்ற நகராட்சிக்கும் எதிர்க்கட்சி வென்ற நகராட்சிக்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்தப் பகிர்வு இல்லாவிட்டால் கொங்கு மண்டலத்துக்குள்ளேயே என்ன ஆகும் என்று பார்க்கலாம். அவிநாசி சாலையின் இரு பக்கமும் எழுந்துள்ள கட்டடங்களிலிருந்து கோவை மாநகராட்சிக்கு வரி வரும். பர்கூர் மலையிலும் தாளவாடியிலும் உள்ள ஊராட்சிகளுக்கு வரி போடக் கட்டடமே குறைவு. ஆனாலும் அங்கே தெருவிளக்கு எரிய வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போக வேண்டும். சொந்த வரியை மட்டும் நம்பியிருந்தால் பணக்கார ஊர் மேலும் மிளிரும், ஏழை ஊர் இருட்டிலேயே கிடக்கும். ஆகவே, 'எங்கள் ஊர் வரி எங்கள் ஊருக்கே' என்று கொங்குப் பகுதியில் அவ்வப்போது எழும் குரலை அப்படியே ஏற்க முடியாது.

அந்தக் குரலுக்குள் இருக்கும் ஒரு நியாயத்தைத் தள்ளவும் முடியாது. திருப்பூர் 2024-25இல் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம், உள்ளீடுகளுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைத்துவிடும். உள்நாட்டுக்குப் போகும் பனியனுக்கும் மாநில வரி அது விற்பனையாகும் மாநிலத்துக்குத்தான் சேரும். சாயக்கழிவு, லாரிகள் உழும் சாலை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் நான்கைந்து பேராகத் தங்கும் தொழிலாளர்களுக்கான குடிநீர், கழிப்பிடம் என எல்லாச் சுமையும் திருப்பூர் மாநகராட்சியின் தலையில். இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் 2011 மக்கள்தொகைக் கணக்கில் திருப்பூரில் எண்ணப்பட்டவர்கள் அல்லர். நிதிப் பகிர்வுச் சூத்திரங்களோ இன்னும் அந்தக் கணக்கை நம்பியே நிற்கின்றன. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோதும் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோல்தான் காட்டப்பட்டது. 2011 கணக்கின்படி மாநகராட்சிப் பகுதியில் சுமார் 16 லட்சம் பேர், நகரத் திரளைச் சேர்த்தால் 21 லட்சத்துக்கு மேல். உற்பத்தி செய்யும் ஊர் செலவைச் சுமக்கிறது, நுகரும் ஊர் வரியைப் பெறுகிறது, பழைய கணக்கு இரண்டையும் மறைக்கிறது. எதிர்க்க வேண்டியது பகிர்வை அல்ல, இந்தக் கணக்கை.

திருப்பூரின் இன்னொரு அனுபவமும் இங்கே பொருந்தும். நகராட்சியிடம் பெரிய திட்டத்துக்குப் பணமில்லை என்பதால், பவானி ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவர அரசும் ஏற்றுமதியாளர்களும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு தனி நிறுவனம் அமைத்தார்கள். இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் நடந்த முன்னோடிக் குடிநீர்த் திட்டங்களில் இதுவும் ஒன்று. சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும், அந்த வரவில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் தர முடியும் என்பது கணக்கு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் தண்ணீர் வாங்க ஆளில்லாமல் போனது, நிறுவனம் கடனில் தத்தளித்தது. ஊருக்கு அடிப்படைத் தேவையான ஒன்றின் நிதி ஒரே தொழிலின் ஏற்ற இறக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. உள்ளாட்சிக்குச் சொந்தக் கால் இல்லாதபோது இப்படிப்பட்ட ஊன்றுகோல்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சொந்தக் கால் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கோவை மாவட்டத்தில் சாட்சி உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். எந்தக் கிராம ஊராட்சியையும் போலவே அங்கும் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்குமான மின் கட்டணம் பெருஞ்செலவாக இருந்தது. ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து சுமார் 40 லட்சம் எடுத்தது, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கியது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 2006இல் நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. கட்டணம் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சி மின்சாரம் விற்கும் ஊராட்சியானது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் தனிமனிதரின் உழைப்பு பெரிது. ஆனால் நிதி நோக்கில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓடந்துறையிடம் கட்டுப்பாடற்ற சேமிப்பு கொஞ்சம் இருந்தது. கடனுக்கு வங்கி நம்பியது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊராட்சியே தீர்மானித்தது. இந்த மூன்றும் சேர்ந்து அமையும் ஊராட்சிகள் அரிது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்வதற்கு அதே ஓடந்துறையின் பெயரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு முன்மாதிரி பரவாமல் விதிவிலக்காகவே நின்றுபோனால், பழுது அமைப்பில்தான்.

அந்தப் பழுதை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, வரி போடும் அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருப்பது. தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பவை உள்ளாட்சிகள்தாம். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கிறது. 250 ரூபாயாக இருந்த வரம்பை 1988இல் அப்படி உயர்த்தினார்கள், அதோடு சரி. சரவணம்பட்டியில் மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளரும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. நகரம் வளர வளரத் தானும் வளரக்கூடிய ஒரு வரியைப் பல பத்தாண்டுகளாக உறைய வைத்துவிட்டு, உள்ளாட்சிகள் சொந்த வருவாயைப் பெருக்குவதில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது, வரும் பணம் நிபந்தனைகளால் கட்டுண்டு வருவது. 15ஆவது நிதி ஆணையம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரத் திரள்களுக்குக் கொடுத்த மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்துக்கு, மீதி குடிநீருக்கும் கழிவு மேலாண்மைக்கும். கோவை இந்தப் பட்டியலில் வருகிறது. எல்லாம் தேவையானவையே. ஆனால் மன்றம் தானாக யோசித்துச் செலவிட இதில் ஒரு ரூபாயும் இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. பணம் மாநகராட்சிக்கு வராமல், அதற்கென்றே பதிவு செய்த நிறுவனத்துக்குப் போனது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் ரேஸ்கோர்ஸ் சாலையும் மாறிய ஆண்டுகளில் பெரும்பகுதி மன்றமே இல்லை. குளக்கரையில் மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் உலவுவதைப் பார்த்தால் அந்தப் பணி வீண் என்று யாரும் சொல்ல முடியாது. இதே பணத்தில் முதலில் எந்த வார்டுக்குப் பாதாளச் சாக்கடை என்ற கேள்வியை எழுப்பத்தான் மன்றத்தில் ஆள் இல்லை. 2018இல் குடிநீர் விநியோகத்துக்காக சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் ஆனதும் மன்றத்துக்குப் பதிலாகத் தனி அலுவலர் நிர்வகித்த காலத்தில்தான்.

மூன்றாவது, இப்படி மன்றமே இல்லாமல் காலம் ஓடுவது. தேர்தல் தள்ளிப்போனால் ஒன்றிய மானியம் நின்றுபோகிறது. 2016க்குப் பிறகு இதைப் பட்டறிந்தோம். அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. சட்டமன்றத்துக்கு இப்படி ஓராண்டு தேர்தல் தள்ளிப்போனால் நாடே கொந்தளிக்கும். ஊராட்சிக்கு என்றால் செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு பத்தி.

மறுதரப்பின் வாதத்தையும் எடைபோட வேண்டும். வரி அதிகாரத்தை மன்றத்திடம் கொடுத்தால் ஓட்டுக்குப் பயந்து ஒருபோதும் உயர்த்தமாட்டார்கள் என்கிறார்கள். அந்தப் பயம் உண்மை. ஆனால் மாநில அரசு மட்டும் அதிலிருந்து தப்பியதா? 2018இல் உயர்த்திய சொத்து வரியை உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைத்தது மாநில அரசுதான். நூறு கவுன்சிலர்களின் தயக்கம் ஒரு நகரத்தைப் பாதிக்கும், கோட்டையின் தயக்கம் மாநிலத்தின் எல்லா நகரங்களையும் ஒரே நேரத்தில் பாதிக்கும். சிறிய ஊராட்சிகளில் கணக்குப் பார்க்க ஆளில்லை, முறைகேடு நடக்கும் என்பது அடுத்த வாதம். இதிலும் உண்மை உண்டு. ஒரு ஊராட்சிச் செயலரே வரி வசூல், குடிநீர், ஊரக வேலைத் திட்டம் என எல்லாவற்றையும் இழுக்கும் நிலையில் கணக்கு சுத்தமாக இருக்காது. அதற்கு மருந்து ஆள் கொடுப்பது, தணிக்கையைக் காலத்தில் முடிப்பது, கிராம சபையில் வரவு செலவை வாசிக்க வைப்பது. அதிகாரத்தைப் பறிப்பது மருந்தாகாது.

இதே வழக்கு மாநிலத்துக்கும் டெல்லிக்கும் இடையே உண்டு. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 10ஆவது நிதி ஆணையத்தில் 6.637 சதவீதமாக இருந்து 15ஆவதில் 4.079 ஆகச் சரிந்தது. பகிர வேண்டாத செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் ஒன்றிய அரசு திரட்டுவதையும், நிபந்தனை மானியங்களையும் தமிழ்நாடு எதிர்க்கிறது. 1969இல் ராஜமன்னார் குழு, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் குழு என்று நீளும் இந்த வழக்கு நியாயமானது. கொங்கு நாடு இதில் அந்நியம் அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் பொது வாழ்வைத் தொடங்கியது கோவை நகராட்சியில். பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் சென்னையிலும் டெல்லியிலும் நிதித்துறையைப் பார்த்தவர். டெல்லியிடம் நாம் வைக்கும் ஒவ்வொரு வாதமும் கோவை மன்றம் சென்னையிடம் வைத்தாலும் அப்படியே பொருந்துகிறது. நமக்கு உரிமை என்றால் அது நமக்குக் கீழே உள்ளவருக்கும் உரிமைதான். 1996இல் மக்கள் திட்டத்தின்போது கேரளம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் விட்டது. பிழைகள் நடந்தன, ஆனால் வார்டு மக்கள் பட்ஜெட் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. சொத்து மதிப்பீட்டைச் சுதந்திரமான மதிப்பீட்டு வாரியம் செய்யட்டும், விகிதத்தை மன்றம் முடிவு செய்யட்டும், மாநிலம் குறைந்தபட்சத்தை மட்டும் வரையறுக்கட்டும். தொழில் வரி உச்சவரம்பை விலைவாசியோடு இணைக்கத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். பகிர்வுச் சூத்திரத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்களும் தொழிற்சுமையும் கணக்கில் வரட்டும். சிறப்பு நிறுவனங்களின் வரவு செலவு மன்றத்தின் ஒப்புதலுக்கு வரட்டும். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்துவதைச் சலுகையாக அல்ல, கடமையாக அரசுகள் கொள்ளட்டும். பத்து சதவீதப் பங்கின் மூலம் தமிழ்நாடு உள்ளாட்சிகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பங்கைச் செலவிடும் முடிவையும், அதற்கு மேல் திரட்டும் முடிவையும், இரண்டிலும் தவறினால் தோற்கும் பொறுப்பையும் அவற்றிடமே விடும் வரை இங்கே நடப்பது நிதி விநியோகம்தான், நிதிப் பரவலாக்கம் ஆகாது.