தாழிக்குள் எலும்பும் மண்ணின் கைவேலையும்

ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பேர்போன ஊர். அவ்வட்டாரத்து அன்னாசி நிலங்களிற் பல, மட்கிய மரமும் இலையும் நீரில் ஊறி உண்டான கரிய சதுப்பு மண்ணாகும். இத்தகைய நிலத்தில் வாய்க்கால் வெட்டினால் பழங்காலத்து மரத்துண்டு மண்வெட்டியில் தட்டுப்படும். எலும்பு தட்டுப்படுதல் அரிது. மண்ணின் புளிப்பு எலும்பிலுள்ள சுண்ணச்சத்தைக் கரைத்துவிடும். டென்மார்க், ஜெர்மனி நாட்டுச் சதுப்புகளில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மனித உடல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் தோலும் மயிரும் நிற்க, எலும்பு மட்டும் மறைந்துபோயிற்று. ஆகவே எலும்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலில் விசாரிக்க வேண்டியது மண்ணையே.

அவ்விசாரணை இல்லாமலே தமிழரிடையே நெடுநாளாக உலவிவரும் கதை ஒன்று உண்டு. மூத்துச் சுருங்கியும் உயிர் பிரியாத கிழவர்களைப் பண்டையோர் தாழியில் உட்காரவைத்து, கொஞ்சம் சோறும் நீரும் உடன்வைத்துப் புதைத்துவிடுவராம். அதனாலேயே அது ‘முதுமக்கள் தாழி’ ஆயிற்றாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இக்கதை சொல்லப்படுகிறது. பெற்றோரை உயிரோடு புதைத்தவர் என்பது சிறு பழியன்று. அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவை யாவை? குந்திய எலும்புக்கூடு, திறந்த வாய், மடியில் விழுந்த தலை. மூச்சுத் திணறி அலறியதன் அடையாளம் இவை என்பர்.

சான்றுகள் மெய், பொருள்கோள்தான் பிழை. தாடையைப் பற்றியிருக்கும் தசை தளர்ந்தால் வாய் தானே திறக்கும். பாயில் அமைதியாக இறந்தவர்க்கும் அப்படியே. உடலைத் தாழியின் வாய்வழியே இறக்க வேண்டுமானால் மடக்கித்தான் ஆகவேண்டும். பிறகு தசைநார்கள் ஒவ்வொன்றாக விடுகின்றன. கழுத்தும் விரல்களும் முந்தும், இடுப்பு பிந்தும். தாழிக்குள் மண் நிரம்பாது வெற்றிடம் இருக்குமாயின், கழுத்து விட்டதும் மண்டையோடு மடிக்கு உருளுகிறது. மூடி பிளந்தால் மழைநீரோடு வண்டல் இறங்கும். நீர் தேங்கி வற்றுந்தோறும் சிற்றெலும்புகள் இடம் மாறும். வேர் ஒன்றைத் தள்ளும். எலி ஒன்றை இழுக்கும். இறந்த உயிரின் எச்சம் மண்ணுள் படும் பாட்டை ஆராயும் இத்துறைக்கு 1940இல் ‘டஃபோனமி’ எனப் பெயரிட்டவர் சோவியத் அறிஞர் இவான் எஃப்ரெமோவ். அவர் நாவலாசிரியரும் ஆவார். கதை கட்டத் தெரிந்தவரே மண்ணைக் கேட்கச் சொன்னது நயமானது.

இலக்கியமும் கிழவர் கதைக்குத் துணை நில்லாது. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் குயவனை விளித்துப் பேசுவது, இறந்துபட்ட கிள்ளிவளவனுக்கான தாழியைப் பற்றி. 256ஆம் பாட்டில் பேசுபவள் கணவனை இழந்தவள். தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாளே என்று கேட்கலாம். அது அவள் துயரத்தின் வேண்டுகோள். முதியோரை ஒழிக்கும் வழக்கத்துக்குச் சாட்சி ஆகாது. மணிமேகலையும் தாழியில் கவித்தலை இறந்தோர்க்குரிய முறைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. கீழடியை அடுத்த கொந்தகையின் பழைய இடுகாட்டில் 2020இல் குழந்தையின் எலும்புக்கூடும் வெளிப்பட்டது. ‘முதுமக்கள்’ என்ற சொல்லுக்கு முன்னோர் என்ற பொருளும் உண்டென்பதைக் கதை சொல்வோர் மறந்தனர் போலும்.

எனினும் எல்லாவற்றையும் மண்ணின் தலையில் ஏற்றுவதும் முறையன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 2004ஆம் ஆண்டளவில் நடந்த அகழாய்வில் முழு உடலை இட்ட தாழிகளும், எலும்புகளைப் பின்னர்ப் பொறுக்கி இட்ட தாழிகளும் அறியப்பட்டன. இரண்டையும் பிரித்தறிய உதவுபவை கை கால்களின் சிற்றெலும்புகள். அவை தத்தம் வரிசையில் கிடந்தால் உடல் முழுதாக இறங்கியது எனலாம். அவை இல்லாமல் மண்டையோடும் நெடிய எலும்புகளும் மட்டும் இருந்தால் பொறுக்கி இட்டதாகக் கருத இடமுண்டு. ஆனால் புளித்த மண் சிறியதையே முதலில் தின்னும். அங்கே இக்கணக்கும் பொய்க்கும்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி 1930இல் சக்கர்மன் தனி நூலே வெளியிட்டார். இனம் இன்னதென்று அளந்தறியும் ஆவலில் மண்டையோட்டுக்கு வந்த மதிப்பு விரலெலும்புக்கு வரவில்லை. தாழியுள் எது எதன்மேல் கிடந்தது, இடையில் எத்தனை விரல் உயரம் வண்டல் இருந்தது என்பனவற்றை, தாழியைக் கவிழ்த்துக் கொட்டிய பிறகு எந்த அளவுகோலாலும் அறிய முடியாது.