தரவையில் கிளைக்கும் ஆறு

கரவெட்டியில் ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கென்று இருக்கும் வழுக்கையாறும் வலிகாமத்தில், மாரிக்கு மட்டும் ஓடுவது. எங்கள் அயலில் ஆறு என்று பெயர் பெற்ற தொண்டைமானாறு உப்புநீர் நிற்கும் கடனீரேரி. சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக அதை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த கதை.

ஆறு நிலத்தைச் செதுக்கும் அழகை நான் கண்டது அந்தக் கடனீரேரியின் கரையில்தான். தை பிறந்து, வயல்வெள்ளம் வடியும் நாட்களில் மண்டான் பக்கம் தரவை என்னும் மேய்ச்சல்வெளிக்கு இறங்க வேண்டும். ஈரமண்ணில் மயிரிழை அகலத்தில் நீர்க்கோடுகள் தொடங்கும். இரண்டு சேர்ந்து ஒன்றாகும். அந்த ஒன்று இன்னொன்றோடு சேரும். சேரும் கூர்முனை எப்போதும் நீர் போகும் திசையையே காட்டும். நின்று பார்த்தால், அடிமரம் கடனீரேரியிலும் நுனிக்கொப்புகள் வயலிலுமாக, இலையில்லாத மரமொன்று மல்லாந்து கிடக்கும்.

குனிந்து பார்த்தால் இன்னும் நயம். ஒரு சிப்பி குறுக்கே கிடந்தால் போதும், நீர் வளைந்துவிடும். வளைவின் வெளிக்கரையை அரிக்கும். உள்கரையில் அரிதட்டில் அரித்த மாப்போல மணலை இடும். அடுத்த வளைவில் அதே வேலை, கை மாறி. ஓட்டம் தளரும் வாயிலில் ஒரு சாண் அகல விசிறி விரியும். அதுதான் கழிமுகம்.

எனக்கு மிகப் பிடித்தது நீர் பறிப்பு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்க்கால்கள். ஒன்று நகக்கண் அளவு ஆழம் கூடியது. அது தலைப்பக்கம் மண்ணை அரித்து அரித்துப் பின்னேறி, ஒருநாள் அயலானின் விலாவைத் தொடும். நீரெல்லாம் இதற்குள் திரும்பும். மற்றது வறண்ட கோடாகக் கிடக்கும். முறை வேறென்றாலும் காவிரிக்கும் இப்படி ஒரு விதி நேர்ந்தது: வெள்ளத்தின் பெரும்பங்கு தாழ்ந்த வழியான கொள்ளிடத்தில் போக, பூம்புகாரில் காவிரி மெலிந்தே கடலைச் சேர்கிறது.

தரவைக்கு வராத மழை மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணின் கரியமிலவாயுவை ஏந்தி மெல்லிய அமிலமாகி, சுண்ணக்கல்லைக் கரைத்து வழி செய்கிறது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் கீரிமலை ஊற்றும் அந்தக் கைவேலைதான்.

மாரிநீர் வீணே கடலில் கலக்கக்கூடாது என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். பெரிய கனவு. அது தேடிய நீரின் கையெழுத்தை நீங்களும் ஒருமுறை பாருங்கள். காலையிலேயே போங்கள், மாடுகள் தரவைக்கு இறங்கினால் அழிந்துவிடும்.