எழுதும் கை நிற்கும்போது

கலைஞர் ஹோ சூ நியெனின் சிறந்த படைப்பு எது என்று கேட்டால், சிங்கப்பூரில் பெரும்பாலோர் புலியைத்தான் சொல்வார்கள். சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் 2023 நவம்பர் முதல் 2024 மார்ச் வரை தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் நடத்திய அவரது பெரிய கண்காட்சியின் பெயரே 'டைம் அண்ட் த டைகர்'. எதிரெதிர்த் திரைகளில் புலியும் காலனிய கால நில அளவையாளர் கோல்மனும் ஒருவரை நோக்கி ஒருவர் பாடும் அந்தக் கணினி உயிரோவியத்தின் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. ஆனாலும் என் வாக்கு 2021இல் ஜப்பானின் யமகுச்சி கலை ஊடக மையத்துக்காக அவர் செய்த 'வாய்ஸ் ஆஃப் வாய்ட்' என்ற மெய்நிகர் படைப்புக்குத்தான். இன்னும் குறுக்கிச் சொன்னால், அதில் வரும் ஒரு கைக்கு.

1941 நவம்பர் 26 அன்று கியோட்டோ தத்துவப் பள்ளியைச் சேர்ந்த நான்கு பேராசிரியர்கள் கியோட்டோவில் கூடி, உலக வரலாற்றில் ஜப்பானின் இடம் பற்றி உரையாடினார்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. சிங்கப்பூர் வீழ்ந்து 'சியோனான்' ஆவதற்கு மூன்று மாதம்கூட இல்லை. விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போகிறவருக்கு ஹோ தரும் வேடம் தத்துவவாதியுடையது அல்ல, படைவீரருடையதும் அல்ல. பேச்சைக் குறிப்பெடுக்க வந்த சுருக்கெழுத்தாளராக நாம் உட்காருகிறோம். கை எழுதிக்கொண்டே இருந்தால் பேராசிரியர்களின் குரல் கேட்கிறது. கை நின்றால் அவர்கள் மங்கிப்போய், சீனப் போர்க்களத்தின் கொடுமைகளை நினைக்கும் சுருக்கெழுத்தாளரின் குரல் மேலெழுகிறது. எழுந்து நின்றால் கூரை கடந்து வானத்துக்குப் போகிறோம். அங்கே ராட்சத இயந்திர மனிதர்களுக்கு நடுவே, மாணவர்களிடம் சாவைப் பற்றிப் பேராசிரியர் தனாபே ஆற்றிய சொற்பொழிவு ஒலிக்கிறது. படுத்தால் சிறை. தொசாகா ஜுன், மிக்கி கியோஷி என்ற இரு சிந்தனையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். 1945இல் இருவரும் சிறையிலேயே இறந்தார்கள். மிக்கி இறந்தது போர் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு, செப்டம்பர் 26இல். எதுவும் செய்யாமல் அசையாது உட்கார்ந்தாலோ தியான அறை திறக்கிறது.

கச்சேரியில் தாளம் போடும் ரசிகரின் கை நின்றுவிட்டால் பாடகருக்கு ஒன்றும் ஆகாது. இங்கே ஆகிறது. ஊடாடும் கலை என்ற பெயருக்குத் தகுதி வேண்டுமானால் பார்வையாளரின் அசைவு படைப்பின் பொருளை மாற்றவேண்டும் என்பது என் கட்சி. கை நோகும்வரை அதிகாரத்தின் பேச்சை எழுதிக்கொண்டிருப்பதா, நிறுத்திவிட்டு ஒரு சாதாரணரின் மனசாட்சியைக் கேட்பதா என்ற கேள்வியை ஹோ மணிக்கட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். போரில் உடந்தை என்பதன் மிகச் சிறிய வடிவம், சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வதுதான்.

இதற்கு எதிர்க்கட்சி வலுவானது. ஜப்பானின் டீம்லேப் குழு 2016 மார்ச்சில் மரினா பேயின் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் 'ஃபியூச்சர் வேர்ல்ட்' தொடங்கியதிலிருந்து, இந்த ஊர்க் குடும்பங்களுக்கு ஊடாடும் கலை என்றால் தொட்டதும் பூக்கும் சுவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் அவர்கள் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்டக்கூடத்தில் அமைத்த 'ஸ்டோரி ஆஃப் த ஃபாரஸ்ட்' அழகாக இருந்தது. இதில் எனக்குத் தகராறு இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஃபர்குவார் மலாக்காவில் இருந்தபோது, இன்று பெயர் தெரியாத சீன ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 477 படங்களில் 69 படங்கள் அங்கே உயிர்பெற்று நடந்தன. கைப்பேசியை நீட்டினால் விலங்கைப் பிடித்துச் சேகரித்துக்கொள்ள முடிந்தது. ஃபர்குவார் செய்ததும் அதையேதான்: காட்டைத் துண்டுதுண்டாகத் தன் தொகுப்புக்குள் கொண்டுவந்தார். பார்வையாளரின் கை அதிகாரியின் கையாகவே மாறியிருந்தும், படைப்பு அதைக் கவனிக்கவிடாமல் அடுத்த மானைக் காட்டி அழைத்துப் போனது. குழந்தைகள் மகிழ்ந்தார்களே என்பார்கள். மகிழ்ந்தார்கள், சரி. ஆனால் மகிழ்ச்சிக்கு மட்டும் கதவு திறக்கும் படைப்பை முழுமையானது என்று எப்படிச் சொல்வது?

ஹோவின் படைப்பு படித்தவர்களுக்கானது, கியோட்டோ தத்துவம் தெரியாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு வாதம். பாதி நியாயம், பேச்சின் நுணுக்கம் எல்லோருக்கும் எட்டாது. ஆனால் கை ஓய்ந்ததும் அறை மாறுவதை உணர ஹெகலும் வேண்டாம், ஹைடெக்கரும் வேண்டாம். இணையக் காணொளித் துணுக்குகளைக் கணினி நிரல் தானே கோத்துக்கொண்டு போகும் அவரது 'தென்கிழக்காசிய விமர்சன அகராதி'யில் பார்வையாளருக்கு வேலையே இல்லையே என்றும் கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் என் பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம்.

இப்போது எங்கு திரும்பினாலும் 'இம்மர்சிவ்'. நான்கு சுவரிலும் தரையிலும் ஒளியைப் பாய்ச்சி, நடுவில் நின்று படமெடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு இந்தப் பெயர் போதுமாகிவிட்டது. மூழ்கடிப்பதாகச் சொல்லும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டுவதில்லை. கருவிகள் மலிந்திருக்கின்றன, வடிவமைப்பாளர்களின் கைத்திறனும் கூடியிருக்கிறது; பார்வையாளரை யாராக உட்காரவைப்பது என்ற முதல் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஹோவின் புலிக்கு மூலமான ஹைன்ரிக் லாய்ட்டமனின் மரச்செதுக்கு அச்சுப்படத்தில், புலி பாய்ந்து கோல்மனின் அளவைக் கருவியைத் தள்ளுகிறது. அவரைச் சுற்றிக் கலைந்து விழுகிறவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் இங்கே வந்திறங்கி, சாலை போட்டு, செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையையும் கட்டியவர்கள். அவர்களின் சிறை நின்ற பிராஸ் பசா, லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரம். புலிக்குப் பாட்டு கிடைத்தது, கோல்மனுக்கும் கிடைத்தது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கு இடமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் கைதியாகப் பார்வையாளரை நிறுத்தும் ஒரு மெய்நிகர் படைப்பை, தமிழ்க் குரல்களோடு, நம் இளம் வடிவமைப்பாளர்களிடம் அந்த நிலையம் கேட்டு வாங்கவேண்டும்.