பேசும் மைதானம்: டிரம் கோர் நிகழ்ச்சிகளில் எடுத்துரைப்புக் குரலும் ரசிகர் விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க டிரம் கோர் நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி வழியே பேசப்படும் எடுத்துரைப்பு, அக்கலையின் ரசிகரிடையே நீண்ட விவாதத்தை எழுப்பியுள்ளது. அவ்விவாதம் பெரும்பாலும் மரபுக்கும் புதுமைக்கும் இடையிலான பூசலாகவே காணப்படுகிறது. பேச்சு இருக்கலாமா கூடாதா என்பதன்று, பேச்சு என்ன பணி செய்கிறது என்பதே உண்மையான சிக்கல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ரோலான் பார்த், மிஷேல் சியோன் ஆகியோரின் கருத்தாக்கங்கள் இதற்குத் துணையாகின்றன. காட்சியும் இசையும் முன்பே உணர்த்தியதை விளக்கும் பேச்சு, பார்வையாளரின் பங்கைப் பறிக்கிறது. இசையாலும் அசைவாலும் தரவியலாததைத் தரும் பேச்சு நிகழ்ச்சியின் உறுப்பாகிறது.

திறவுச் சொற்கள்: டிரம் கோர், எடுத்துரைப்பு, ஒலிபெருக்கம், நிகழ்த்துகலை, ரசிகர் ஏற்பு, குறிப்புப் பொருள்

முன்னுரை

டிரம் கோர் என்பது வட அமெரிக்காவில் வேரூன்றிய அணிவகுப்பு இசைக்கலை. பித்தளை ஊதுகருவியினர், தாளக் கருவியினர், கொடியும் போலிப் படைக்கலமும் ஏந்தி ஆடும் கொடியணியினர் ஆகிய முத்திறத்தாரும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நகர்ந்துகொண்டே ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் நிகழ்த்துவர். கிளாரினெட், சாக்சபோன் போன்ற மரக்காற்றுக் கருவிகளுக்கு இதில் இடமில்லை. பங்கேற்போர் பதின்பருவத்தினரும் இருபதுகளின் தொடக்கத்தில் உள்ளோரும் ஆவர். முன்னாள் படைவீரர் அமைப்புகளின் ஆதரவில் வளர்ந்த இக்கலைக்கு 1971-இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு தோன்றியது. அதன் முதல் வாகையர் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடைபெற்றது.

முப்பதாண்டுக் காலம் இக்கலையின் ஒலி, மூச்சாலும் கையாலும் மட்டுமே பிறந்தது. 2004-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒலிபெருக்கம் அனுமதிக்கப்பட்டது. 2009-இல் மின்னணு இசைக்கருவிகள் வந்தன. மைதான ஓரத்தில் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் முதலிய மென்மையான தாளக் கருவிகளைப் பார்வையாளர் தெளிவாகக் கேட்க ஒலிபெருக்கம் உதவியது. அதே ஒலிவாங்கி மனிதக் குரலுக்கும் வாயில் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கதைசொல்லிகள் மைதானத்துக்கு வந்தனர். விவாதமும் உடன் வந்தது. அவ்விவாதத்தின் உட்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவாதத்தின் இரு தரப்பு

எடுத்துரைப்பை ஏற்காத ரசிகர் மூன்று காரணங்களை முன்வைக்கின்றனர். முதலாவது, ஊதுகுழலும் பறையும் அசைவுமே இக்கலையின் மொழி. பேச்சு அதற்கு அயலானது. இரண்டாவது, திறந்தவெளி அரங்கிலும் கூரை மூடிய அரங்கிலும் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. மூன்றாவது, தாம் உணர்ந்துகொள்ள வேண்டியதைப் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏற்போரும் வலுவான காரணங்களைக் கூறுகின்றனர். இக்கலையை முதன்முறை காண்போருக்குக் கருப்பொருளைப் பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். ஒரே சீருடையில் நிற்கும் நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒரு தனிமனிதரைப் பேச்சே வெளிப்படுத்தும். மேலும், எந்தச் சாவியில் அமைந்த பித்தளைக் கருவியையும் பயன்படுத்தலாம் என்று 2000-இல் விதி தளர்ந்தபோதும் எதிர்ப்பு எழுந்து அடங்கியது. பேச்சுக்கான எதிர்ப்பும் அவ்வாறே அடங்கும் என்பர்.

இவற்றுள் முதற்காரணம் வலுவற்றது. எது இக்கலைக்கு அயலானது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. இரண்டாவது, தொழில்நுட்பம் வளர வளரத் தேய்ந்துபோகும் காரணமாகவே மேலோட்டத்தில் தோன்றும். அதனுள் ஓர் அழகியல் சிக்கலும் உண்டு. மூன்றாவதே விவாதத்தின் மையம்.

அரங்கின் ஒலியியல்

மைதானத்தின் அகலம் 53⅓ கெஜம், அதாவது ஏறத்தாழ 49 மீட்டர். பின்கோட்டில் ஊதிய ஒலி முன்கோட்டை அடைய நொடியில் ஏழிலொரு பங்கு நேரம் பிடிக்கும். இவ்விடைவெளியைக் கணக்கிட்டே இக்கலைஞர்கள் பயிற்சி பெறுகின்றனர். முன்னே நிற்போர் தமக்குப் பின்னிருந்து வரும் ஒலியைச் செவிமடுத்து, அதனோடு தம் ஒலியை இணைப்பர். ஆகவே, கேட்போர் காதில் விழும் ஒத்திசைவு தூரத்தை வென்று ஈட்டப்பட்ட ஒன்று. ஓர் ஊதொலி எங்கிருந்து வருகிறது, எத்துணைத் தொலைவிலிருந்து வருகிறது என்பதும் இசைப்பொருளின் பகுதியாகும்.

ஒலிபெருக்கிக் குரலுக்கு இத்தகைய இடமில்லை. பேசுபவர் மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் குரல் முன்வரிசைப் பெட்டிகளிலிருந்தே வரும். எழுபது, எண்பது பித்தளைக் கருவிகளுக்கு மேலாகச் சொற்கள் விளங்க வேண்டுமாயின் குரலைக் கூட்ட வேண்டும். அன்றேல் கருவிகளை அடக்க வேண்டும். இரண்டாவது வழியைத் தெரிந்துகொள்ளும்போது ஊதுகருவிகள் பேச்சுக்குப் பின்னணி இசையாகிவிடுகின்றன.

திரைப்பட ஒலியை ஆராய்ந்த மிஷேல் சியோன், மனிதக் குரல் ஒலித்தவுடன் செவி ஏனைய ஒலிகளை அதனைச் சுற்றி வரிசைப்படுத்திக்கொள்கிறது என்பார். திரைப்படத்தில் இது இயல்பான ஏற்பாடு. ஆனால், டிரம் கோரில் குரல் எழுந்த கணமே கோடைக்காலம் முழுதும் உழைத்த பெருங்குழுவின் ஒலி இரண்டாம் நிலைக்கு இறங்குகிறது. தொழில்நுட்பம் எவ்வளவு தெளிவைத் தந்தாலும் இவ்விறக்கம் நீங்காது. தெளிவு கூடுந்தோறும் இறக்கமும் கூடும். ஒளிப்பதிவில் கேட்கும் சமநிலை அரங்கின் இருக்கைகளில் கேட்பதன்று என்பதையும் பதிவுகளைக் கொண்டு மதிப்பிடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

சொல்லாமல் சொல்லும் மரபு

சொற்களின்றிக் கதை கூறுவது இக்கலைக்குப் புதிதன்று. நியூஜெர்சியைச் சேர்ந்த கார்ஃபீல்டு கேடட்ஸ் அணி 1984-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசையை நிகழ்த்தி வாகை சூடியது. சான்டா கிளாரா வான்கார்டு 1989-இல் ‘ஓபராவின் மாயாவி’ இசையால் வாகை சூடியது. இரண்டுமே எடுத்துரைப்பாளரை வேண்டவில்லை. காரணம், இவை மேடையிலும் திரையிலும் பலர் அறிந்த கதைகள். பார்வையாளர் கதையை மனத்தில் சுமந்துகொண்டே அரங்கினுள் நுழைந்தனர். இசை அதனைத் தொட்டு எழுப்பினால் போதுமானதாக இருந்தது.

ஃபேண்டம் ரெஜிமென்ட் அணியின் ‘ஸ்பார்ட்டகஸ்’ (2008) இம்மரபின் தொடர்ச்சி. அடிமைகளின் கிளர்ச்சி நடிப்பாலும் அசைவாலும் காட்டப்பட்டது. தலைவன் யாரென்ற நிலையில் ஒவ்வொருவரும் தாமே ஸ்பார்ட்டகஸ் என்று முழங்கும் புகழ்பெற்ற திரைக்காட்சியை அது நினைவூட்டியது. அம்முழக்கம் கதையை விளக்கவில்லை. கதைக்குள் நிகழும் ஒரு செயலாக இருந்தது. 98.125 புள்ளிகளோடு, 0.025 புள்ளி இடைவெளியில் புளூ டெவில்ஸை வென்று அந்த அணி வாகை சூடியது. பேச்சை வெறுப்பதாகக் கூறப்படும் ரசிகரே இம்முழக்கத்தைக் கொண்டாடினர் என்பது கருதத்தக்கது. அவர்களின் எதிர்ப்பு மனிதக் குரலுக்கு எதிரானதன்று என்பதற்கு இது சான்று.

பகிர்ந்த கதை இல்லாத இடத்திலேயே எடுத்துரைப்பின் தேவை எழுகிறது. புதிதாகப் புனைந்த கருப்பொருளை, அருவமான எண்ணத்தை, அணியின் தன்வரலாற்றைப் பன்னிரண்டு நிமிடத்தில் உணர்த்த முயலும்போது வடிவமைப்பாளர் சொல்லை நாடுகின்றனர். ஆகவே எடுத்துரைப்பைச் சோம்பலின் விளைவு என்று தள்ளுதல் பொருந்தாது. அது ஓர் உண்மையான குறைக்குத் தேடப்பட்ட மருந்து. அம்மருந்து எவ்விடத்தில் பயன்பட்டது என்பதே கேள்வி.

நிலைநிறுத்தும் சொல்லும் உடன்செல்லும் சொல்லும்

ரோலான் பார்த் 1964-இல் எழுதிய கட்டுரையொன்றில், படத்தோடு இணையும் சொல்லுக்கு இரு பணிகளைக் காட்டினார். ஒன்று, பலவாறு பொருள்படக்கூடிய படத்தை ஒரு பொருளில் நிலைநிறுத்துவது. மற்றொன்று, படம் தராத செய்தியைத் தந்து அதனோடு உடன்செல்வது. இப்பாகுபாட்டை எடுத்துரைப்புக்குப் பொருத்தினால் ரசிகர் விவாதத்தின் குழப்பம் பெருமளவு தெளிகிறது.

கேடட்ஸ் அணியின் ‘இதை நான் நம்புகிறேன்’ (2007), ‘மகிழ்ச்சியைத் தேடி’ என்று பொருள்படும் தலைப்புடைய அதன் அடுத்த ஆண்டு நிகழ்ச்சி ஆகிய இரண்டும் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயின. முதல் நிகழ்ச்சியின் தலைப்பு, எட்வர்டு மரோ 1951-இல் தொடங்கிய வானொலித் தொடரின் பெயராகவும் அமெரிக்கருக்கு அறிமுகமானது. தனிமனிதர் தம் நம்பிக்கையைத் தம் குரலில் கூறுவது அத்தொடரின் இயல்பு. அந்த வகைமையைப் பின்பற்ற விரும்பும் நிகழ்ச்சிக்குப் பேச்சு தவிர்க்கவியலாதது. சீருடை மறைக்கும் முகத்தை, குழுவொலி மறைக்கும் தனிக்குரலைப் பேச்சு மட்டுமே மீட்கும். எடுத்துரைப்பை ஆதரிப்போரின் மிகச் சிறந்த வாதம் இதுவே. எதிர்ப்போர் இதற்கு நேரடியாக விடை கூறியதில்லை.

ஆயினும், ஒரே குரல் இரு பணிகளை மேற்கொண்டபோது இடர் தோன்றியது. ‘நான் இன்னார்’ எனல் சான்றுரை. அது உடன்செல்லும் சொல். குழு உணர்வின் மேன்மையை, உழைப்பின் பயனை எடுத்துக் கூறுதல் விளக்கவுரை. அது நிலைநிறுத்தும் சொல். அம்மேன்மையும் உழைப்பும் அக்கணத்தில் மைதானத்தில் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருப்பவை. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ ஒன்று. ஒரு கலைமொழி கூறியதை மற்றொரு கலைமொழியால் கூறுவது எப்போதும் குற்றமாகாது. பாடலும் அபிநயமும் ஒன்றையே இருவகையில் கூறி அழகு பெறுவதுண்டு. ஆனால், குறிப்பாக உணர்த்தியதை வெளிப்படையாகத் திருப்பிக் கூறும்போது குறிப்பு தன் ஆற்றலை இழக்கிறது. உய்த்துணரும் பணி பார்வையாளரிடமிருந்து நீங்குகிறது. ரசிகரின் மூன்றாம் காரணம் குறித்தது இவ்விழப்பையே.

ஒலியாகும் சொல்

பேச்சு வரவேற்பைப் பெற்ற எடுத்துக்காட்டுகள் இதனை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகின்றன. கரோலினா கிரவுன் 2013-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாகக் கொண்ட நிகழ்ச்சியால் வாகை சூடியது. ஃபிலிப் கிளாசும் ராபர்ட் வில்சனும் 1976-இல் அரங்கேற்றிய ‘கடற்கரையில் ஐன்ஸ்டைன்’ ஓபராவின் இசை அதில் பயன்பட்டது. அந்த ஓபராவில் பாடகர் எண்களையே பாடுவர். கிரவுன் நிகழ்ச்சியிலும் எண்களை உரைக்கும் குரல்கள் ஒலித்தன. எண்ணுதல் அணிவகுப்புக் கலைஞரின் அன்றாடச் செயல். ஒவ்வோர் அடியும் எண்ணியே வைக்கப்படுகிறது. உள்ளே மறைந்திருந்த எண்ணிக்கை குரலாக வெளிப்பட்டபோது அது எதையும் விளக்கவில்லை; தாளத்தின் ஓர் உறுப்பாகவே நின்றது.

புளூ டெவில்ஸ் அணியின் ‘கபரே வால்டேர்’ (2012) 1916-இல் சூரிக்கில் தோன்றிய டாடா இயக்கத்தைக் கருவாகக் கொண்டது. பொருளைக் குலைப்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. ஆகவே அதில் இடம்பெற்ற பேச்சு, காட்சிக்குப் பொருள் கற்பிக்கும் கடமையிலிருந்து விடுபட்டிருந்தது. அந்நிகழ்ச்சியும் வாகை சூடியது. எனினும் அதனை விரும்பாத ரசிகரும் உண்டு. நடுவர் தரும் புள்ளியும் ரசிகர் ஏற்பும் ஒன்றல்ல என்பதால் இவ்வேறுபாடு வியப்புக்குரியதன்று.

மூன்றாவது எடுத்துக்காட்டு கேடட்ஸ் அணியே 2014-இல் ஆரன் கோப்லாண்டின் ‘லிங்கன் ஓவியம்’ (1942) என்னும் படைப்பைக் கையாண்டது. இங்குப் பேச்சு மூலப்படைப்பிலேயே உள்ளது. பேச்சாளரை அப்படைப்பின் இறுதிப் பகுதிவரை காத்திருக்கச் செய்கிறார் கோப்லாண்டு. மிகையுணர்ச்சியின்றி எளிமையாகப் படிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் இசைக்குறிப்பில் தருகிறார். இசை தன் பணியை முடித்த பின்னரே சொல் வர வேண்டும், வந்த சொல்லும் அடங்கி ஒலிக்க வேண்டும் என்னும் அவ்விரு நெறிகளும் எடுத்துரைப்புக்கான அளவுகோலாகக் கொள்ளத்தக்கவை.

மீள்கேட்பும் மதிப்பீடும்

டிரம் கோர் ரசிகர் ஒரே நிகழ்ச்சியைக் கோடையில் பலமுறை காண்பர். பின்னர்ப் பதிவுகளில் பல்லாண்டு கேட்பர். செய்தி கூறும் சொல் முதற்கேட்பிலேயே தன் பயனை முடித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அது அறிந்த செய்தி. பத்தாம் முறை இடையூறு. இசையோ மீள்கேட்பில் வளர்கிறது. முதன்முறை காண்பவருக்குப் பிடியாக இருக்கும் அதே சொல் பழகிய ரசிகருக்குச் சுமையாவது இதனாலேயே. இரு தரப்பினரும் தத்தம் கேட்பின் எண்ணிக்கையிலிருந்தே பேசுகின்றனர். ஆதலின் இருவர் கூற்றும் மெய்யே.

மதிப்பீட்டு முறையும் கருதத்தக்கது. நூறு புள்ளிகளுள் பொது விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30 என வகுக்கப்பட்டுள்ளது. பித்தளை இசைக்கும் தாளத்துக்கும் கொடியணிக்கும் தனித்தனி நடுவர் உள்ளனர். பேச்சுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. அது பெரிதும் பொது விளைவினுள் கரைந்துவிடுகிறது. நிகழ்ச்சியில் மிகுந்த கவனத்தை ஈர்க்கும் குரல், அதன் மொழிநயத்துக்காகவோ உச்சரிப்புக்காகவோ தனித்து மதிப்பிடப்படுவதில்லை. இவ்வெற்றிடத்தை ரசிகரின் விவாதமே நிரப்பி வந்துள்ளது. நடுவர் கேளாத கேள்வியை அவர்கள் கேட்டனர் என்ற வகையில் அவ்விவாதம் ஒரு திறனாய்வுப் பணியாகும்.

முடிவுரை

எடுத்துரைப்பு குறித்த ரசிகர் விவாதத்தை மரபுப் பற்றின் வெளிப்பாடு என்று சுருக்க இயலாது. ‘ஸ்பார்ட்டகஸ்’ முழக்கத்தை ஏற்ற செவிகளே கேடட்ஸின் விளக்கவுரையை மறுத்தன. செயலாகவோ ஒலியாகவோ சான்றுரையாகவோ வரும் சொல்லுக்கு டிரம் கோரில் இடமுண்டு. கண்முன் நிகழ்வதற்கு உரை எழுதும் சொல், மைதானத்தில் உள்ளோரின் உழைப்பையும் இருக்கையில் உள்ளோரின் உணர்வையும் ஒருசேரக் குறைக்கிறது. தூரத்தை வென்று ஒன்றாக ஒலிக்கக் கற்ற இளைஞர் குழுவின் சார்பில் ஒலிவாங்கி பேச வருமாயின், அக்குழு தானே கூறமுடியாத ஒன்றை அது கூற வேண்டும். இந்நிறைவைத் தராத எடுத்துரைப்பு, எத்துணைத் தெளிவாகக் கேட்டாலும், மிகைபடக் கூறலாகவே எஞ்சும்.